கல் போட்ட இடங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனி மூடினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாறை விலை ஏறிவிட்டது என்பார்கள். குவாரியிலிருந்து கிளம்புகிற லாரியெல்லாம் எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது, நமக்கு மிஞ்சுவது தூசிதான் என்பார்கள். மழையைச் சொல்வார்கள், ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று எங்களுக்கு இரண்டு மழைக்காலம். ஆள் கிடைப்பதில்லை, இருந்த பெங்காலிப் பையன்களும் தேர்தலுக்கும் பெருநாளுக்கும் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான். எங்கள் கம்பெனி மூடியபோது கேட்டவர்களுக்கு நானும் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. என் கணவருக்குக் கைராசி இருந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

அவர் கட்டிய முதல் சில வீடுகள் சொன்ன நாளில் முடிந்தன. குடிபோனவர்களுக்கு நல்லதும் நடந்தது. ஒருவருக்கு நெடுநாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. இன்னொருவருக்குக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்த சொத்து வழக்கு தீர்ந்தது. அஸ்திவாரத்துக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பேன். அவர் சிரிப்பார். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். வரைபடமும் எஸ்டிமேட்டும் என் பொறுப்பு. ஆள், சாமான், சைட் எல்லாம் அவர். கருங்கல் என்கிற எங்கள் ஊர்ச் சந்தைப் பக்கம் ஒரு பேக்கரியின் மாடியில் அலுவலகம் வைத்திருந்தோம். மகள் பெயரோடு பில்டர்ஸ் என்று சேர்த்து ஒரு போர்டு. கீழே பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து நான் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் கணக்குப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இங்கே வீடு தொடங்குவதைக் கல் போடுவது என்பார்கள். விடியற்காலையில் கன்னி மூலையில் ஒரு குழி, அதில் ஒரு கருங்கல். எங்களைப் போன்ற இந்து வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் போடமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வரிசையாக வருவார்கள். கடற்கரையில் தவக்காலத்தில் தொடமாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அவர்கள் வருவார்கள். முடிப்பதற்கும் இதே நெருக்கடி. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு எப்போது லீவோ அப்போதுதான் குடிபோகும் பால் காய்ச்சு. எல்லாப் பிள்ளைகளுக்கும் லீவு கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான். ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கவேண்டிய இத்தனை வீடுகளுக்கும் இருப்பது அதே கொத்தன்மார், அதே கையாட்கள், வாடகைக்கு எடுத்த அதே கான்கிரீட் மிக்சர். இதை எந்த எஸ்டிமேட்டில் காட்டுவது?

கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் கல் போட்ட இடத்தில் இன்னொரு காண்ட்ராக்டர் கை வைக்கமாட்டார். எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை, சங்கத்துத் தீர்மானமும் இல்லை. ஆனாலும் யாரும் மீறுவதில்லை. கல் போட்டவர் நேரில் வந்து, நான் விட்டாச்சு, இனி நீங்க கட்டுங்க என்று வாயால் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் அடுத்தவர் மண்வெட்டியைத் தொடுவார். அதனால் வேலை கைமாறிப் போகாமலிருக்க முந்திக்கொண்டு கல்லைப் போட்டுவைப்பது எல்லாக் கம்பெனிக்கும் பழக்கம். போட்டுவிட்டால் அந்த வீடு நம்முடையது. அடுத்த வருஷம் கட்டினாலும் நம்முடையது. கைராசிக்காரருக்கோ தேடிப்போகவே வேண்டாம், வீட்டுக்கே வந்து அழைப்பார்கள். அழைத்தவர் யாரையும் அவர் மறுத்ததில்லை.

"ஏட்டி, கல்லு போட விளிக்க வந்தவனத் திருப்பி அனுப்பப்பிடாது. அது அவனுக்கும் தோஷம், நமக்கும் தோஷம்" என்பார்.

போட்டுவிட்டுக் கட்டாமல் விடுவதுதான் தோஷம் என்று நான் சொல்வேன். அந்த நாட்களில் அது வெறும் வாய்ச்சண்டை. சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

பால் காய்ச்சு அன்று வீட்டுக்காரர் காண்ட்ராக்டரை எல்லோர் முன்னாலும் அழைத்து ஒரு வேட்டி கொடுப்பார். அந்த வேட்டியை உடுத்திக்கொண்டுதான் என் கணவர் அடுத்த கல் போடப் போவார். அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஆரம்பத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் புது வேட்டி, கஞ்சி மொடமொடப்போடு. பிறகு இரண்டு மூன்று கல்லுக்கு ஒரே வேட்டியானது. கடைசியில் ஒரே வேட்டியை நான் துவைத்துத் துவைத்து, நீலம் போட்டு, தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல் மட்டும் புதிது புதிதாக விழுந்தது. கம்பெனி எந்தப் பக்கம் போகிறது என்று அறிய எனக்கு ஆடிட்டர் தேவைப்படவில்லை, துணி துவைக்கிற கல்லே போதுமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மீன்கார அக்கா வந்தார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை ஊர்க்காரர். கணவர் இல்லை. ஒரே மகன், வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. அக்கா ஆட்டோவில் பங்கு சேர்ந்து கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுவருவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவரிடம்தான் மீன். நல்ல சாளை வந்தால் வாழையிலைக்கு அடியில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். அன்றைக்குப் பேக்கரி மாடிப்படிக்குக் கீழேயே நின்றார். மேலே வாருங்கள் என்றால் மீன் வாடை என்று சொல்லி வரவில்லை. நாங்கள்தான் இறங்கிப்போனோம்.

"எனக்க மோனுக்குப் பெண்ணு பாக்கணும். இந்த ஓட்டு வீட்டப் பாத்தா யாரு தருவாவ? நல்ல கைராசின்னு சொன்னாவ. நீங்கதான் கல்லு போட்டுத் தரணும்" என்றார்.

நான் என் கணவரைத் தனியாக அழைத்து, இந்த வருஷம் வேண்டாம் என்றேன். போட்ட கல்லே குவிந்து கிடக்கிறது, அக்கா நம்ம ஆள், உள்ளதைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார் என்றேன். நம்ம ஆளை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவர் என்னையே கேட்டார். அடுத்த வாரம் கல் போட்டாகிவிட்டது.

அக்காவின் மனை சின்னது. பழைய வீட்டை இடித்தால்தான் புது வீட்டுக்கு இடம். ஓடுகளை இறக்கி, சுவரைத் தள்ளி, அவர் தங்குவதற்கு மனையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தோம். வீடு முடியும்வரை, மிஞ்சினால் ஆறு மாசம் என்று இவர் சொன்னார். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஆறு மாசம் ஒரு கணக்கா என்று அக்கா சிரித்தார். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அவர் ஒருமுறை சொன்னபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாகப் போனார். செங்கல் அடுக்கித் தரையை உயர்த்தி, சிமென்ட் பூசி, சமைக்கிற இடத்துக்கு ஒரு திண்டும் தண்ணீர் போக ஓடையும் வைத்தார். மாதா படம் வைக்கச் சுவரில் ஒரு சின்னப் பலகைத் தட்டு. ஆளில்லாமல், லீவு நெருக்கடி இல்லாமல், யாரும் போனில் விரட்டாமல், அன்று சாயங்காலம்வரை தன் கையால் செய்தார். வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ரொம்ப நாளாக அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

புது வீட்டுக்குக் கருங்கல் பேஸ்மென்ட் கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே பெல்ட் கான்கிரீட் போட்டோம். அத்தோடு நின்றது. கருங்கல் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்காரரின் லீவு முன்கூட்டி வந்துவிட்டது. ரெண்டு நாளைக்கு ஆளை மாற்றிக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லி இவர் கொத்தன்மாரைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர்கள் திரும்பவே இல்லை.

ஆளை மாற்றுவது என்பது எங்கள் தொழிலின் பெரிய வித்தை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு பத்து இடத்தில் வேலை நடப்பதாகக் காட்ட வேண்டும். துபாயிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் வருவார், சைட்டைக் காட்டு என்பார். உடனே பக்கத்து சைட்டிலிருந்து ஒரு கொத்தன் பைக்கில் பறந்துபோய்க் கரண்டியோடு நிற்பார். மிக்சர் சும்மா சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் அங்கே இருப்பவருக்கு மனசு ஆறும். கேமரா அணைந்ததும் மிக்சரும் அணையும். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும், நானும் சிரித்திருக்கிறேன். புது வீட்டுக்காரர் தரும் முன்பணம் பழைய வீட்டின் கூரையாகிப் போகும். அந்தப் புது வீட்டுக்குக் கூரை போட இன்னொரு கல் விழ வேண்டும். கல் போடுவதை நிறுத்தினால் எல்லாம் நிற்கும் என்ற நிலை வந்தபிறகு, மறுப்பது தோஷம் என்று சொல்லக்கூட அவசியமில்லாமல் போனது.

முதலில் போனது தலைமைக் கொத்தனார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூட இருந்தவர். கூலி பாக்கி என்று அவர் சண்டை போடவில்லை. ஒரு செவரையாவது முழுசாப் பூசி முடிக்க விடுங்க என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த வருஷம் குவாரிகளும் பல நாள் அடைத்துக் கிடந்தன. மிக்சர்காரர் வந்து மிக்சரை ஓட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தைக் காலி செய்தோம். பேக்கரிக்காரர் அங்கே மைதா மூட்டை அடுக்கினார். போர்டை இவர் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

கம்பெனி போனாலும் கற்கள் அங்கங்கே கிடந்தன. ஆள்பலம் உள்ளவர்கள் வந்து சத்தம் போட்டார்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்தார்கள், ஒருவர் காவல் நிலையத்துக்கே போனார். இவர் ஒவ்வொரு இடமாகப் போய், புது காண்ட்ராக்டர் முன்னால் நின்று, நான் விட்டாச்சு என்று சொல்லிவிட்டு வருவார். வந்து சாப்பிடமாட்டார். தட்டை எடுத்து வைத்துவிட்டு நானும் பட்டினி கிடப்பேன். அவர்மேல் கோபம் இருக்கும், அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வராது.

அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. சந்தையில் அதே இடத்தில் உட்கார்ந்து அதே மாதிரி எனக்கு மீன் ஒதுக்கி வைத்தார். எப்போ தொடங்குவாவ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மழை முடியட்டும் என்பேன். மழை முடிந்தால் ஆள் வரட்டும் என்பேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மீனை மட்டும் சுற்றிக் கொடுப்பார். கேட்டுக்கொண்டிருந்த காலமே தேவலாம் என்று எனக்கு இருந்தது.

அவருக்காக மார்த்தாண்டத்தில் ஒரு காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். வயதில் சின்னவர், என் கணவர்மேல் மரியாதை உள்ளவர். உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். பேஸ்மென்ட் இருக்கிறது, சுவரும் மேலும்தான் வேண்டும், உள்ள நிலைமை இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்தக் கல்லு அண்ணனுக்கதாக்கும். அண்ணன் ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே ஆள இறக்குதேன். சொல்லாம நான் கை வச்சா, நாள எனக்க கல்லுல ஒருத்தன் கை வைப்பான்."

ஒரே ஒரு வார்த்தைதானே என்று நம்பி வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத நாளிலும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிற பழக்கம் போகவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முடியாது என்றார்.

"மத்ததெல்லாம் விட்டாச்சு. எனக்குன்னு கெடக்குதது இந்த ஒரு கல்லுதான். இதையும் விட்டா நான் காண்ட்ராக்டர் இல்லட்டி."

அந்த அம்மா தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிறார், உங்களுக்கு உங்கள் பேர் பெரிதாகப் போய்விட்டதா என்று நான் கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு நானே கட்டிக் கொடுப்பேன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். எதை வைத்து என்று கேட்டேன். பொய் சொல்கிறார் என்றால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே நம்பினார். ஏதோ ஒரு பெரிய வேலை வரும், அதிலிருந்து எல்லாம் சரியாகும், முதல் ஆளை அக்கா சைட்டில்தான் இறக்குவேன் என்று. அதற்குப்பிறகு பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். நானே போய், விட்டாச்சு என்று சொன்னால் செல்லாதா என்று மார்த்தாண்டத்துக்காரருக்குப் போன் செய்தும் பார்த்தேன். கல் போட்ட கைதான் விட வேண்டும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

இப்படியே போனது. பிறகு ஒருநாள் சந்தையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார். அதே கடற்கரைப் பெண், நல்ல பிள்ளை, இரண்டு பேருக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, இனிப் பொறுக்க முடியாது என்றார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பங்குத்தந்தை வந்து வீடு மந்திரிப்பு, பால் காய்ச்சு, நீங்கள் ரெண்டு பேரும் கண்டிப்பாக வரவேண்டும் என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். எந்த வீடு என்று கேட்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நம்மிடம் கேட்காமல் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. கேரளத்திலிருந்து எவனோ வந்திருப்பான், அவனுக்கு நம் ஊர் முறை தெரியாது என்றார். அந்தக் கோபத்தில் அவருக்கு ஒரு தெம்பே வந்துவிட்டது. எனக்கோ சந்தோஷம். யார் கட்டியிருந்தால் என்ன, அக்கா ஒரு கூரைக்குக் கீழே போய்விட்டார், அது போதும் என்று நினைத்தேன். மந்திரிப்பு அன்று அவர் அந்தப் பழைய வேட்டியை எடுக்கச் சொன்னார். கட்டினவன் யாரென்று முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும் என்றார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அக்காவின் மனை தெருமுனையிலிருந்தே தெரியும். வளைந்ததும் பேஸ்மென்ட் தெரிந்தது. நாங்கள் விட்டுப்போன உயரத்திலேயே நின்றது. அதன்மேல் ஒரு செங்கல்கூட இல்லை. அதற்கு அந்தப்புறம் ஓரத்தில் தகரக் கொட்டகைக்கு நீல பெயின்ட் அடித்து, வாசலில் வாழை கட்டி, வண்ணக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கை என் தோளிலிருந்து விலகியது.

திரும்பிப் போய்விடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அக்கா எங்களைப் பார்த்துவிட்டார். பங்குத்தந்தை உள்ளே தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். கொட்டகைக்குள் நாலைந்து பேருக்குமேல் நிற்க இடமில்லை, மற்றவர்கள் மணலில் நின்றார்கள். மாதா படம் அந்தத் தட்டில் இருந்தது. இவர் வைத்த திண்டில் அடுப்பு ஏற்றிப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி ஓடையில் வழிந்து, தேங்காமல் வெளியே போனது. வெயில் தகரத்தில் இறங்கி எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. இந்த இடத்துக்குத்தான் அடுத்த வாரம் ஒரு பெண் வாழ வரப்போகிறாள் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

பால் கொடுத்து முடிந்ததும் அக்கா ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெற்றிலை, ஆரஞ்சு, புது வேட்டி.

"வீடு கெட்டின ஆளு வரணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அக்காவின் முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று நான் உற்றுத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முறையைச் செய்தார், அவ்வளவுதான். அந்தக் கொட்டகையைக் கட்டியது என் கணவர். அதில் ஒரு குடும்பம் குடியேறுகிறது. கட்டினவருக்கு வேட்டி கொடுக்க வேண்டும். கடைசிச் சில வருஷங்களில் எங்கள் கம்பெனி குறையில்லாமல் முடித்த வேலை அது ஒன்றுதான். என் கணவர் பழைய வேட்டியோடு மணலில் நடந்துபோய், குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் பேஸ்மென்ட் பக்கம் போய் நின்றார். அக்கா வழியனுப்பக் கூடவே வந்தார். நான் எத்தனையோ மாசமாகக் கெஞ்சியும் சண்டை போட்டும் வராத வார்த்தை அப்போது தானாக வந்தது.

"அக்கா, நான் விட்டாச்சு. இனி யார வேணும்னாலும் வச்சுக் கெட்டுங்க. நான் வந்து அவியகிட்டச் சொல்லுதேன்."

அக்கா அவரைப் பார்த்தார். மகன் கொண்டுவந்த பணமெல்லாம் கல்யாணத்துக்குப் போயிற்று, அதற்கு முந்தி அனுப்பியது எங்களிடம் முன்பணமாக வந்து போயிற்று. அதை அவர் சொல்லவில்லை.

"இனி அது எதுக்கு மக்கா? அதுல இப்போ நாங்க மீனு ஒணக்குதோம். நல்ல ஒசரம். மணலு ஒட்டாது, நாயி ஏறாது" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். பேஸ்மென்ட்டின்மேல் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தது. ஒரு பெண் ஓரத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கொஞ்சம் கருவாட்டை இலையில் கட்டி என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அவர் புது வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பேக்கரியைத் தாண்டும்போது என் காதருகில் குனிந்து சொன்னார்.

"இத்தன மழைக்கும் பேஸ்மென்ட் மட்டம் தப்பல்ல, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.